கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு ஏன் அடைப்புக்குறி?

பத்தாம் வகுப்பில் நான் தவறியது அறிவியலில் மட்டும்தான். பிறகு கல்யாணம், மிளகுத் தோட்டம், இரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டு வயதில் தனித்தேர்வராக மறுபடி எழுதப்போவதாகச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எழுது புள்ள. நான் என்ன பண்ணோணும்?" என்றார்.

அது மிளகு பறிக்கும் பருவம். உட்கார்ந்து படிக்க நேரமில்லை. ஒரு தாளின் முன்பக்கம் சேர்மங்களின் பெயர்களையும் பின்பக்கம் வாய்பாடுகளையும் எழுதிக் கொடுத்தேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் ஏணியில் ஏறுவார். மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் மேலிருந்து கேள்வி வரும். கீழே மிளகு பொறுக்கியபடி நான் பதில் சொல்வேன்.

"அலுமினியம் ஆக்சைடு?"

"ஏ எல் டூ, ஓ த்ரீ."

"கால்சியம் ஹைட்ராக்சைடு?"

"சி ஏ, ஓ எச் டூ."

தாளைத் திருப்பிப் பார்த்தார். "தப்பு புள்ள. இதுல வளைவா ரெண்டு கோடு போட்டிருக்குது."

Ca(OH)₂ என்பதில் அந்த அடைப்புக்குறி எதற்கென்று, புத்தகத்தைப் பார்த்து எழுதிய எனக்கே தெரியாது. சாக்கின்மேல் உட்கார்ந்து மிளகை வைத்துப் பார்த்தேன். கால்சியத்தின் நேர்மின்சுமை இரண்டு. இரண்டு பச்சை மிளகு வைத்தேன். ஹைட்ராக்சைடின் எதிர்மின்சுமை ஒன்று. ஒரு சிவந்த பழம். சரிக்கட்ட இன்னொரு பழம் வேண்டும். ஒவ்வொரு பழமும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகும், ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும்!

"ஏனுங்க, புரிஞ்சிருச்சுங்க!" என்று கத்தினேன்.

"இரு, எறங்கி வாரேன்."

எட்டாவதோடு படிப்பை விட்டவர், குனிந்து மிளகுகளையே பார்த்தார். "அப்போ குளோரைடு வந்தாலும் கோடு போடோணுமா?"

"வேண்டாங்க. அது ஒத்தைத் தனிமம்."

தேர்வில் அலுமினியம் சல்பேட் கேட்டிருந்தார்கள். எங்கள் தாளில் அந்தப் பெயரே இல்லை. அலுமினியத்துக்கு மூன்று, சல்பேட்டுக்கு இரண்டு. ஆறுக்கு ஆறு சரியாக வேண்டும். Al₂(SO₄)₃ என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறியை இன்னொரு முறை அழுத்தி வரைந்தேன்.

தேர்வு எழுதிய பள்ளிக்கு மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போனபோது அங்கிருந்த எழுத்தர் நிமிராமலே கேட்டார்: "பையனுக்காம்மா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தானுங்க."

அவர் நிமிர்ந்தார். எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர், வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்: "அறிவியல்ல எத்தனைன்னு பாருங்க சார்!"