சுக்கானில் அரக்கு நூல்

ராஜவேலுவுக்கு எழுபத்தாறு வயது. ஆனால் அன்று காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக அவர் நடந்ததைப் பார்த்திருந்தால், அவரைத்தான் யாரோ மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். வரவிருந்தது சென்னையிலிருந்து ஷாரோன். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் விமானங்களைப் பழுதுபார்த்தவர்களைத் தேடிப் பிடித்து ஒரு கண்காட்சிக்காகப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நூல் விஷயத்த மட்டும் சொல்லிடாத" என்றாள் மனைவி கங்கையம்மாள், நாலாவது தடவையாக. "பொய்க் கையெழுத்து போட்டவன்னு இந்த வயசுல பேர் எடுக்கணுமா?"

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

ஷாரோன் கேமராவைப் பொருத்தி ஓட விட்டதும் மனுஷனுக்கு இருபத்திரண்டு வயது திரும்பிவிட்டது. அப்பா கூலி வேலைக்காரர். அம்மா பெரியநாயகி சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போனவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பழையதோடு முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. மகன் பதினொன்றாவது முடித்ததும் வான்படைக்குப் போய் ஃபிட்டரானார். பிற்பாடு தனியார் கம்பெனியில் இன்ஜினியராகவே ஆகிவிட்டார். தெருவில் அவருக்கு இன்றைக்கும் பிளேன்காரர் என்றுதான் பெயர்.

"டிசம்பர் மாசம்மா! கெழக்கு எல்லையில, டகோட்டா பிளேன் ஒண்ணு அடி வாங்கிக்கினு வந்து எறங்குது. வால்ல இம்மா நீளத்துக்குக் கிழிசல்!" கையை விரித்ததில் தண்ணீர் சொம்பு உருண்டது. அவர் கவனிக்கவில்லை.

"கிழிசலா? தகடுதானே சார்?"

"ஒடம்பு தகடு. வால்ல திரும்புது பாரு சுக்கான், அது துணி! அது சரியில்லன்னா பிளேன் சொன்ன பக்கம் திரும்பாது. விடிஞ்சா காயம்பட்டவங்கள ஏத்தியார அது போயாவணும். ஒக்காந்து தச்சேன், மேல துணி ஒட்டினேன், டோப்புன்னு ஒரு பூச்சு, நாத்தம் குடலப் புடுங்கும், அத்த அடிச்சேன். விடியக்காலம் கெளம்பிடுச்சிம்மா!"

அவ்வளவுதான் சொன்னார். சொல்லாதது வேறு. தைக்க வேண்டிய லினன் நூல் அன்று தீர்ந்துபோயிருந்தது. அவருடைய படுக்கைச் சுருட்டைக் கட்டியிருந்த கயிறு, தறியில் மிஞ்சிய அரக்குச் சிவப்புப் பட்டு இழைகளை வைத்து அம்மா முறுக்கிக் கொடுத்தது. அதன் புரிகளை முறுக்குக் கலையாமல் பிரித்து, மெழுகு தேய்த்து, அவற்றால்தான் தைத்தார். பழுதுபார்த்த விவரம் எழுதும் பாரத்தில் 'லினன் நூல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொழிலில் கையெழுத்தை நம்பித்தான் விமானி ஏறி உட்காருகிறான். மதியமே அவரை வேறு தளத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். டகோட்டா திரும்பி வந்ததா என்று அவருக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கப் போனால் நூலைப் பற்றித் திருப்பிக் கேட்பார்களே என்ற பயம். இத்தனை வருஷமாகத் தலைக்கு மேல் விமானம் போனால் அண்ணாந்து அதன் வாலைத்தான் பார்ப்பார்.

"கடைசியா ஒண்ணு சார்." ஷாரோன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். உள்ளே கையளவு பழைய துணி. "பெங்களூர்ல ஒரு மெக்கானிக் பத்திரமா வச்சிருந்தாரு. ஒரு டகோட்டாவுக்குச் சுக்கான் துணி மாத்தப் பிரிச்சப்போ உள்ள இந்தச் செவப்புத் தையல் இருந்துச்சாம். யார் வேலைன்னு பாக்கறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல."

ராஜவேலுவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தன் தையல். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கேமராவை மடித்துக்கொண்டு போய்விடுவாள்.

"ஐயோ, இது எங்க அத்த முறுக்கு!" என்று கத்தியது கங்கையம்மாள். நாலு தடவை வாயை மூடச் சொன்ன அதே கங்கையம்மாள்தான். "அவங்களுக்கு நொட்டாங்கை. எல்லாரும் ஒரு பக்கம் முறுக்குனா அவங்க முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பக்கத்துல ஒக்காந்து பன்னண்டு வருஷம் பாவு பெணைச்சவ நானு, எனக்குத் தெரியாதா?" அப்புறம்தான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜவேலு அவளைக் கோபிக்கவில்லை. துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "இத்த எப்போம்மா பிரிச்சாங்க?"

"எழுபத்திரெண்டு நவம்பர் சார். அதுவரைக்கும் அந்த பிளேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சாம்."

கிழவர் விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை போதவில்லை, மறுபடி எண்ணினார். "பதினோரு மாசம்! கங்கா, வந்துட்டுக்குதுடி! பதினோரு மாசம் பறந்துக்குது!" எழுந்து நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவுக்கு நேரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு பாரத்துல நான் எழுதினது பொய்யிம்மா" என்று ஆரம்பித்து, கயிற்றிலிருந்து ரயில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

ஷாரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். "இந்தத் துணிக்குக் கீழ உங்க பேரப் போடறேன் சார்."

"இரு இரு. மொதல்ல பெரியநாயகின்னு எழுது. தொழில், பாவு பெணைக்கிறது. அதுக்குக் கீழ, தச்சது ராஜவேலு." பேனா அசைவதையே குனிந்து பார்த்தார். "நூல், பட்டு. எழுதிட்டியா? குடு, கையெழுத்து போடறேன்."