பச்சைக் குறி சொன்ன பொய்

வலது கை, சைரன் ஒலிக்க வைக்கும் சின்ன நிரலை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறொரு கோப்புறையில் ஒளித்து வைத்தது. இடது கை, இல்லாத படகு ஒன்றைக் 'கரை திரும்பவில்லை' என்று பதிந்தது. பிறகு இரண்டும் இறுக மூடிக்கொண்டு மேசைமேல் காத்திருந்தன. திரையில் பச்சைக் குறி விழுந்தது: 'சைரன் ஒலித்தது.'

"பொய் சொல்ற கணினி" என்று கைகளை மேசையிலிருந்து எடுத்தாள் நெரில் டிபெட்ஸ்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடமேற்குக் கரையில், எங்கள் படகுத்துறையின் வானொலி அறையில் நானும் ஒரு தன்னார்வலன். கடலுக்குப் போகும் படகு திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகும். நேரம் தாண்டினால் எங்கள் கணினி அந்தச் சின்ன நிரலைக் கூப்பிடும்; அது மீட்புப் படகுக் கொட்டகையில் சைரனை ஒலிக்க வைக்கும். கொட்டகை துறையின் மறுகோடியில் இருக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் அறையில் எதுவும் கேட்காது. திரையைத்தான் நம்ப வேண்டும்.

போன வாரம் அறையில் பணியில் இருந்த கிளெம் நம்பினார். சைரன் ஒலிக்கவில்லை. நண்டுக்கூடு போடப் போன டெஸ் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி பாதி நாள் தண்ணீரில் கிடந்தார். வேறொரு படகு தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தார். எங்கள் தன்னார்வக் குழுத் தலைவர் வாரிக், கிளெம் தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டி அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

நெரில் பள்ளியை விட்டதும் ஸ்காலப் சிப்பி உடைக்கப் போனவள். சிப்பிக் கொட்டகையின் எடைக் கணினி படுத்தபோது தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து ஆள் வரவில்லை; தானே பிரித்துப் படித்தாள். அன்றிலிருந்து எந்த நிரலை எழுதினாலும் முதலில் அதை உடைத்துப் பார்ப்பாள்.

குழுக் கூட்டத்தில் அவள் கேட்டதற்கு வாரிக் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். கணினியை மாற்றியபோது சின்ன நிரல் இடம் மாறிப்போயிருக்கலாம், அதற்கு அவர் என்ன செய்வார்? பிழை நேர்ந்தால் திரையில் வரும் பெட்டியா? அதை எடுக்கச் சொன்னது அவர்தான்.

"சிவப்புப் பெட்டி வந்தா போதும், எல்லாரும் பயந்துக்கிட்டு என் வீட்டுக்குத்தான் போன் பண்றாங்க. சாப்பிட விடுறதில்ல. அதான் கணினி மாத்தின டிரெவர்கிட்ட சொல்லி அதை மறைச்சு, எப்பவும் பச்சையே வர்ற மாதிரி வச்சேன்."

"பயப்படணும் வாரிக். ஆள் கடல்ல கிடக்கான், பயப்படாம?"

"கிளெம் எட்டிப் பார்த்திருக்கலாமே."

"எதுக்கு எட்டிப் பார்க்கணும்? ஊதியாச்சுன்னு நீ எழுதி வச்சத அவர் படிச்சார். உன் நிம்மதியான சாப்பாட்டுக்கு அவர் தூங்குமூஞ்சிப் பட்டம் கட்டிக்கணுமா? சாவியைக் கொடு."

வாரிக் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அவள் கோபம் அதோடு தீரவில்லை. விசைகளைத் தட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. ஆனால் வேலையில் அவசரமில்லை. சின்ன நிரல் இடத்தில் இல்லாமல் போனால், ஓட அனுமதி கிடைக்காவிட்டால், ஓடத் தொடங்கி நடுவில் நின்றால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கெடுத்துப் பார்த்தாள். எது நடந்தாலும் மற்றப் படகுகளின் பட்டியல் நிற்கக் கூடாது. திரை உண்மையைச் சொல்ல வேண்டும்.

கிளெமை நான்தான் அழைத்து வந்தேன். உட்கார மறுத்து நின்றார். நெரில் சின்ன நிரலை மறுபடி ஒளித்து, இல்லாத படகையும் மறுபடி பதிந்தாள். திரையில் சிவப்புப் பெட்டி விழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்:

"'சைரன் ஒலிக்கவில்லை. அதை ஒலிக்க வைக்கும் நிரல் அதன் இடத்தில் இல்லை. மீட்புக் குழுவை இப்போதே தொலைபேசியில் கூப்பிடவும்.' கீழே நம்பரும் இருக்கு." பெட்டியை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. "ஏன் போக மாட்டேங்குது?"

"கூப்பிட்டது யாருன்னு பேர் எழுதினாத்தான் போகும்."

அவர் கொட்டகைக்குப் போன் செய்து, இது ஒத்திகை என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். பெட்டி மறைந்தது. நெரில் சின்ன நிரலை அதன் இடத்தில் வைத்து, ஒரு தரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"உட்காரு கிளெம், படகுங்க கிளம்பற நேரம்" என்று சாவியை அவர் கையில் வைத்தாள்.