சிவப்பு எண் போட்ட கதவுகள்

சன்னாசிக்கு மலையடிவாரம் என்றாலே ஈரக்குலை நடுங்கும். வயிற்றுப்பாடோ அவனை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டில், மலேசியாவில் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளின் கீழ் குடியிருப்போரைக் கணக்கெடுத்த குழுவில் அவன் நில அளவைத் தொழிலாளி.

அதிகாரி துரைசிங்கம் சொன்ன கணக்கு எளிமையானது. மலை முந்நூறு அடி உயரமென்றால், பாறை முந்நூறு அடி தூரம்வரை உருண்டு வரலாம். அந்தத் தூரத்தில் இழுத்த கோட்டுக்குள் இருக்கும் வீடுகளின் கதவில் சன்னாசி சிவப்புச் சாயத்தில் எண் எழுத வேண்டும். கம்பம் என்று சொல்லும் அந்தச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தோரு கதவுகளில் எழுதினான். மேலே காக்கை இறக்கையடித்தாலும் துள்ளிக் குதித்தான்.

கோட்டுக்கு வெளியே அவன் அக்காள் கருப்பம்மாள் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு பலகை வீட்டில் இருந்தாள். ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர் வரிசைவீடான லயத்தை விட்டு வந்தவள். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சன்னாசி வாயை விட்டான்.

"நம்பர் போட்டவங்களுக்கு கவர்மெண்டு வேற எடத்துல வீடு கொடுக்கும்னு ஒரு பேச்சு இருக்குக்கா."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மூன்று வாரம் கழித்துச் சரிபார்க்கப் போனபோது கோட்டுக்குள் முப்பத்தெட்டு வீடுகள் நின்றன. ஆபத்து என்று போட்ட கோட்டை அதிர்ஷ்டம் என்று எண்ணி, ஏழு குடும்பங்கள் வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. அதிலொன்று, பாறையை ஒட்டினாற்போல், கருப்பம்மாளின் வீடு.

சன்னாசி அவள் வாசலுக்கு ஓடினான்.

"பைத்தியமாக்கா ஒனக்கு? மேல பாரு, பாறை வெடிச்சிக் கெடக்கு. எப்ப விழும்னு தொரைக்கே தெரியாது லா!"

"நீதான சொன்ன. நம்பரப் போடு."

"பழைய எடத்துக்கே போயிடுக்கா. அதான் பத்திரம்."

"அங்க வேற ஆளு குடி வந்தாச்சி. இதையும் விட்டா புள்ளைங்கள எங்க வைப்பேன்? ஒன் வீட்டுலயா?"

சன்னாசி சாய டப்பாவைக் கீழே வைத்தான். தோட்டத்தை விட்டு வந்த அன்று அவள் மூட்டை முடிச்சோடு முதலில் அவன் வாசலில்தான் நின்றாள். ஒற்றை அறை வீடு, மனைவி முகம் கோணுவாள் என்று பயந்து, "வேற எடம் பாருக்கா" என்று அனுப்பிவிட்டான். அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் "வாக்கா" என்ற சொல் தொண்டைவரை வந்தது. வெட்கக்கேடு, அதற்குமேல் வரவில்லை.

மேலிருந்து சின்னக் கல்லொன்று தகரக் கூரையில் விழுந்து கடகடவென்று உருண்டது. சன்னாசி தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். கருப்பம்மாள் பிள்ளைகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"சீக்கிரம் போடு தம்பி," என்றாள்.

சன்னாசி எழுந்து சாய டப்பாவைத் திறந்தான். கூடப்பிறந்தவளின் கதவில் முப்பத்திரண்டு என்று எழுதினான்.