புரட்டாசியில் எடுத்த ரத்தம்

கிள்ளான் சுகுமாறனுக்கு ஊரில் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அவருடைய ரத்தம். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் லோரிகளுக்குச் சரக்கேற்றும் மேற்பார்வையாளர். ஆண்டு முழுக்க ஆட்டுக்கறியை ஒரு கை பார்ப்பார். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் புரட்டாசிக் கடைசியில்தான் போவார். மாதம் பூராவும் சைவமாக இருந்து, கொழுப்பு இறங்கிய நேரம் பார்த்துக் கையை நீட்டுவார். முடிவு வந்ததும் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் பறக்கும்.

“டாக்டரை ஏமாத்துறீங்களா, உங்களையே ஏமாத்திக்கிறீங்களா?” என்பாள் மனைவி குமுதா.

“ரிசல்ட்ட பாரு லா.”

இந்த ஆண்டு பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் தனலெட்சுமி, சுகுமாறனின் அப்பா சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனதைக் கேட்டறிந்து, கூடுதலாக ஒன்றைச் சோதித்திருந்தார். தீபாவளி கழித்து முடிவைக் கேட்கப் போனார் சுகுமாறன்.

“கொலஸ்ட்ரால் ஓகே அங்கிள். ஆனா லைப்போபுரோட்டீன் ஏன்னு ஒரு வகைக் கொழுப்பு ரொம்ப கூட இருக்கு.”

“அடுத்த வருஷம் ரெண்டு மாசம் சைவம் இருந்துடுறேன் டாக்டர்.”

“சாப்பாட்டுக்கெல்லாம் இது அசையாது. பொறப்புலயே வர்றது. ரத்தக் குழாயில ஒட்டி ஒட்டி, இதயத்தை முன்கூட்டியே கிழமாக்கிடும். மருந்து தரேன், மத்ததைக் கட்டுப்பாட்டுல வெப்போம். பிள்ளைக்கும் இருக்கலாம். செக் பண்ணச் சொல்லுங்க.”

சுகுமாறனுக்கு இருப்பது ஒரே மகள் வாணி, செமினி ஊரில் இருப்பவள். மூக்கு என்னுது, மூளை என்னுது, கோபங்கூட என்னுது, குமுதா பக்கத்திலிருந்து ஒரு நகம்கூட வரவில்லை என்று அவள் பிறந்த நாளிலிருந்து தம்பட்டம் அடித்த மனிதர் அவர். இப்போது, கடவுளே, இந்த ஒன்றிலாவது அவள் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். பீற்றிக்கொள்ள வேறெதுவும் கிடைக்கவில்லையா மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கிளினிக் வாசலிலேயே மகளை அழைத்தார்.

“ரத்தப் பரிசோதனையா? ஐயோ அப்பா, தீபாவளி மட்டன் இன்னும் வயித்துலயே இருக்கு. அடுத்த புரட்டாசிக் கடைசியில எடுக்கிறேன். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே!” வாணி சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

“அப்பா சொன்னது மடத்தனம்மா. நாளைக்கே போவோம். நானும் கூட வரேன்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. “உங்களுக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க!” என்று அதட்டினாள் வாணி.

பயந்தால் அதட்டுவது. அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான்.