புளி போட்டு விளக்கிய விசில்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூர்ப் பக்கம், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். நாற்பது வயதைத் தாண்டி, அரைக்கால் சட்டைக்கு மேலே தொந்தி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். பையன்களிடம் 'வயிற்றை உள்ளே இழு' என்று சொல்லும்போதெல்லாம் நானும் ரகசியமாக மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த வருஷ விளையாட்டு விழாவுக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் அசந்துபோக வேண்டும் என்று எட்டுப் பையன்களை வைத்து ஒரு மனிதக் கோபுரம் பழக்கினேன். கீழே நாலு பேர் தோளில் கை கோத்து, முகத்தை உள்ளே வைத்து வட்டமாக நிற்பார்கள். அவர்கள் தோள்மேல் மூன்று பேர். உச்சியில் கொடியோடு நாலாம் பாரம் படிக்கும் பையன் ஒருவன். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. ரயில் எஞ்சினிலிருந்து கொட்டிய கரிக்கசடைப் பரப்பியிருந்தார்கள். சும்மா விழுந்தாலே முட்டி கிழியும். அந்த உச்சியிலிருந்து விழுந்தால் என்ன கிழியும் என்று மகாபுத்திசாலியான நான் யோசிக்கவே இல்லை.

ஏறுவதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணுவேன். இறங்குவதற்கு விசில். முதல் விசிலுக்கு உச்சிப் பையன் மட்டும் சறுக்கி இறங்க வேண்டும். அவன் கால் தரையில் பட்ட பிறகு இரண்டாவது விசில். நடு அடுக்கு மூன்று பேரும் இறங்குவார்கள். மூன்றாவது விசிலுக்குத்தான் கீழே இருப்பவர்கள் கையை விடலாம். வரிசை தப்பினால் எல்லாம் சரியும்.

ஒரு நாள் பயிற்சியில், மதில்மேல் உட்கார்ந்திருந்த எவனோ என் குரலிலேயே "இறங்கு" என்று கத்தினான். பையன்கள் கண்டபடி குதித்ததில் ஒருவனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றைக்கே சட்டம் போட்டேன்: விசிலைத் தவிர எதற்கும் அசையக் கூடாது, நானே வந்து கைகூப்பிக் கெஞ்சினாலும் சரி. சோதித்தும் பார்த்தேன். "போதும், இறங்குங்கடா" என்று கத்துவேன். அசைந்தவனுக்கு மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம்.

பயிற்சி நடந்த அந்த ஒரு மாதமும், உடைந்த மதிலுக்கு அப்பால் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையோடு வந்து நிற்பாள். கீழ் வட்டத்தில் நிற்கும் பையன்களில் ஒருவன் அவள் மகன். எனக்கோ வித்தையை ஓசியில் பார்க்கிறாளே என்று எரிச்சல்.

"ஏம்மா, இங்கே சினிமாவா காட்டறாங்க? கூடை நாத்தம் தாங்கலை, கிளம்பு" என்றேன் ஒரு நாள்.

"என் புள்ளைய நான் பாத்துகினுகீறேன். உனுக்கு இன்னா வாத்யாரே நோவுது? மூக்கப் பொத்திக்கினு பீப்பீ ஊது, போ!"

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. விழாவன்று அவளை உள்ளே விடக் கூடாது என்று பியூனிடம் சொல்லிவைத்தேன்.

விழாவன்று மத்தியானம்தான் என் பித்தளை விசில் கறுத்துப்போயிருப்பது கண்ணில் பட்டது. பெரிய அதிகாரி முன்னால் கறுத்த விசிலா? குத்துவிளக்குத் தேய்க்க மனைவி எடுத்துவைத்திருந்த புளியையும் செங்கல் பொடியையும் போட்டுப் பளபளவென்று விளக்கினேன். மங்கிவிடக் கூடாதென்று கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு தடவையாவது ஊதிப் பார்த்தேனா? இல்லை.

சாயங்காலம் கோபுரம் எழுந்தது. கடற்காற்றில் கொடி படபடத்தது. ஒரே கைதட்டல். பயிற்சியில் இருபது எண்ணுவதற்குள் இறக்கிவிடுவது வழக்கம். பதினைந்தில் விசிலை எடுத்தேன். தலைமை ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். போட்டோக்காரர் அப்போதுதான் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். முப்பது. நாற்பது. ஒருவழியாக அவர் வெளியே வந்து தலையாட்டினார். நான் கன்னம் உப்ப ஊதினேன்.

புஸ்.

நாக்கில் புளிப்பு. மறுபடி ஊதினேன். புஸ். விசிலின் வாயில் புளியும் செங்கல் பொடியும் சேர்ந்து காய்ந்து, சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. தொடையில் தட்டினேன். உதறினேன். உறிஞ்சிக்கூடப் பார்த்தேன். உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தால் காற்றுதான் வந்தது.

"போதும், இறங்குங்கடா!" என்று கத்தினேன்.

உச்சியிலிருந்தவன் கீழே பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். "இன்னிக்குமா சார் டெஸ்ட்டு? நாங்க ஏமாற மாட்டோம்!"

தொட்டால் சரிந்துவிடுமோ என்று கிட்டே போகவும் பயம். கோழி மாதிரி கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கடைசியில் உண்மையாகவே கைகூப்பிவிட்டேன். "சாமி, சத்தியமா சொல்றேன், இறங்குடா!" கூட்டம் இதையும் வித்தையின் ஒரு பகுதி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பையன் அசையவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்!

அப்போது மீன்காரம்மாவின் மகன் காலைப் பார்த்தேன். கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது. காலடியில் கரிக்கசடு நறநறவென்று நகர்ந்தது. "சார், ஊதுங்க சார்..." என்று வட்டத்துக்குள்ளிருந்து அவன் முனகுவது கேட்டது. உச்சியில் கொடி கடல் பக்கமாகச் சாய்ந்தது. சிரிப்பு அடங்கியது. ஒரு பையனின் மண்டை அந்தக் கரியில் மோதுவதை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். கால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மூடிக்கொண்டேன்.

காதைத் துளைக்கிற மாதிரி ஒரு விசில்!

திறந்து பார்த்தால், உச்சிப் பையன் சறுக்கிக்கொண்டிருந்தான். உடைந்த மதிலுக்கு அப்பால், கூடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்தபடி அவள் நின்றிருந்தாள். மகனின் முட்டி மடங்கத் தொடங்கியிருந்தது. இனி சேர்ந்தாற்போல ஊதித் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் ஊதவில்லை. உச்சிப் பையனின் கால் தரையைத் தொட்டது. இரண்டாவது விசில். நடு அடுக்கில் ஒருவன் இறங்கினான், இன்னொருவன் இறங்கினான். மூன்றாமவனின் கால் அவள் மகனின் கழுத்தருகே சிக்கிக்கொண்டது. அவன் அதை விடுவித்துக்கொள்ளும்வரை அவள் விரலை வாயிலேயே வைத்துக் காத்திருந்தாள். அவனும் குதித்தான்.

மூன்றாவது விசில். அவள் மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கைதட்டல் நிற்கவே இல்லை. வெளியிலிருந்து விசில் கொடுத்தது புது மாதிரியான ஏற்பாடு என்று அதிகாரி என் முதுகில் தட்டினார். நானும் குனிந்து வணங்கி அதை வாங்கிக்கொண்டேன். (உண்மையைத் தலைமை ஆசிரியரிடம் மறுநாள் சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.)

கூட்டம் கலைந்ததும் மதிலண்டை போனேன். நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எங்கேம்மா கத்துக்கிட்டே இந்த விசிலை?" என்றுதான் கேட்க வந்தது.

"கட்டுமரத்துல போன ஆள கரையிலேந்து கூப்புட இன்னா தந்தியா குடுப்பாங்கோ?" என்றாள். நான் மெல்ல, மகன் கால் நடுங்கியதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். முறைத்தாள்.

"உனுக்கு முன்னாடியே பாத்தேன். அதுக்கோசரம் மேல கீற புள்ளைங்கள உழ வுட சொல்றியா?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு என் சட்டத்தை மாற்றினேன். கால் நடுங்குகிற எவனும் 'போதும்' என்று சொல்லலாம், ஓட்டம் கிடையாது. மறு வருஷ விழாவுக்கு அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டேன். அவள் வரவில்லை, மதிலண்டையே நின்று பார்த்தாள். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். ஊதுவதற்காக விசிலை எடுக்கும்போதெல்லாம் நாக்கில் முதலில் புளிப்புத் தட்டுகிறது. பிறகு, பெற்ற பிள்ளையின் கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, ஊரார் பிள்ளைகள் மூன்று பேரும் தரையில் இறங்கும்வரை மூன்றாவது விசிலை அடக்கிவைத்திருந்த அந்த வாய் நினைவுக்கு வருகிறது. வந்ததும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பையன்களின் காலைப் பார்த்துவிட்டுத்தான் ஊதுகிறேன்.