சீர்வரிசையில் கிட்டார்

குணசேகரனுக்கு எரிச்சல் மூட்டுகிற ஆட்கள் இரண்டு வகை. அவருடைய கிட்டாரைப் பார்த்து “இது வீணையாங்க?” என்று கேட்பவர்கள் ஒரு வகை. “சும்மா ஒரு சினிமாப் பாட்டு எடுத்து விடுங்களேன்” என்பவர்கள் இன்னொரு வகை. வல்லத்திராக்கோட்டையில் மூன்றாவது வகை ஆள் இன்னும் பிறக்கவே இல்லை என்பது அவருடைய தீர்மானம்.

கத்தாரில் பதினாறு வருசம் வெல்டராக இருந்தவர். அங்கே ஃபோர்மேனாக இருந்த பியெட்ரோ என்ற இத்தாலிக்காரர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும்போது, “எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, இனி இது உனக்கு” என்று கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கிட்டார். வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் இத்தாலி ஊர்ப் பெயரும் 1967 என்ற வருசமும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும். முன்பலகை பழுத்துப் பழுத்து உருக்கின நெய் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் தகடு வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கியிருந்தான் அந்த நாட்டுக்காரன். வெல்டர் கண்ணுக்கு அதைவிட அழகு வேறென்ன வேண்டும்? “இன்னும் நூறு வருசத்துக்கு அசையாதுடா” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார்.

வாசிப்பைப் பற்றிக் கேட்கிறீர்களா? நாலைந்து தந்தியைச் சேர்த்து அமுக்கி மொத்தமாக மீட்டுகிற ‘கார்டு’, அதில் மூன்று சொல்லிக் கொடுத்தார் பியெட்ரோ. ஊருக்கு வந்த பிறகும் அந்த மூன்றேதான். சாயங்காலம் வயலிலிருந்து வந்து, கை கால் கழுவி, பீரோ மேலிருந்து இறக்கித் துடைப்பது அரை மணி நேரம், வாசிப்பது பத்து நிமிசம். வேறு யாரும் தொடக்கூடாது. கோயில் திருவிழாக் கச்சேரிக்கு மச்சினன் இரவல் கேட்டு, இவர் மறுத்து, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன” என்று இவர் சொன்னது மச்சினன் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஆவணியில் மகள் ஹரிணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வசந்துக்கு ஓசூரில் வேலை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சீர்ப் பாத்திரங்கள் வந்து இறங்கின. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் பேர் வெட்டியாக வேண்டும். பேர் இல்லாத குடத்தைச் சபையில் வைத்தால், இரவல் வாங்கி வைத்தார்கள் என்று ஊரே பேசும். பேர் வெட்டுகிற ரெங்கசாமி சின்ன மிஷினோடு காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். குணசேகரன் பத்திரிகை வைக்க அரிமளம் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தால், அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் கிட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகில், வார்னிஷைக் கிழித்து, முத்து முத்தாக எழுத்து: ‘ஹரிணி – வசந்த். பெற்றோர் சீர். வல்லத்திராக்கோட்டை.’

“அடப் பாவி! என்னய்யா பண்ணி வச்சிருக்க?”

ரெங்கசாமி நிமிர்ந்தார். “எழுத்து சரியில்லீங்களா? மரத்துல மிஷின் வழுக்குதுங்க. அதான் நிதானமா வெட்டினேன்.”

“இதை யாருய்யா வெட்டச் சொன்னது?”

“வீட்டுலதான் எடுத்துக் குடுத்தாங்க. கொடுத்ததை வெட்டுறதுதானே என் வேலை.”

குணசேகரன் அடுப்படிக்குப் பாய்ந்தார். மனைவி புவனேஸ்வரி கரண்டியோடு திரும்பி, “எனக்கு வேற வேலை இல்ல பாருங்க! நான் அந்தச் சனியனைத் தொட்டே வருசக் கணக்காச்சு” என்று சத்தியம் செய்தாள்.

சரி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சீர் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். சம்பந்தியம்மா நேராகக் கிட்டாரிடம்தான் போனார். “அட, கிட்டாரெல்லாமா சீர்ல வைக்கிறீங்க! எங்க பக்கட்டு யாருமே வச்சதில்லைங்க சம்பந்தி” என்றவர், போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டார். அப்புறம் என்ன, போச்சு!

அவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் குணசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். “வேற ஒண்ணு புதுசா வாங்கிக் குடுத்துருவோம் புவனா. இது போகக் கூடாது. உசிரே போனாலும் இதைக் குடுக்க மாட்டேன்.”

“பேர் வெட்டுன பொருளை வீட்டுலயே வச்சுக்கிட்டா பொண்ணுக்கு ஆகாதுங்க. ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“அந்த நாலு பேரும் வீணைங்கிறவனுங்கதானடி! யார் இந்த வேலையப் பாத்ததுன்னு மட்டும் தெரியட்டும்...”

“நான்தான்ப்பா.”

உள்ளறை வாசலில் ஹரிணி நின்றாள். மருதாணிக் கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

“நீயா? ஏன் ஆத்தா, அண்டா குண்டான், பீரோ, கட்டில், வாஷிங் மெஷின்னு வண்டி கொள்ளாமக் குடுக்கிறேன். பத்தலையா ஒனக்கு?”

“அதெல்லாம் நான் கேக்கலையேப்பா.”

“இது ஒனக்கு எதுக்கு? பரண்ல போட்டு வைக்கவா? பிடிக்கவாச்சும் தெரியுமா?”

அவள் கூடத்துக்கு வந்து பாத்திரங்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தாள். அவர் “ஏய், ஏய்” என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் அவள் தந்திகளைத் திருகிச் சுருதி சேர்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். கார்டு இல்லை. ஐந்து விரலும் தனித்தனியாக வேலை செய்தன. பெருவிரல் கீழே ஒரு நடை நடக்க, மற்ற விரல்கள் மேலே ஒரு மெட்டைக் கட்டின. பியெட்ரோவின் அறைக்கு வெளியே நின்று, வேலைக் களைப்பில் வயிறு காய்ந்தபடி, சாப்பாட்டை மறந்து கேட்ட அதே கார்வை. கத்தாரை விட்டு வந்த பிறகு அதை அவர் கேட்டதே இல்லை. கிட்டாருக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் சத்தம் குறைந்துவிட்டது என்று இத்தனை வருசமும் நம்பிக்கொண்டிருந்தார்.

“எப்பப் படிச்ச?” என்றார்.

“நாலு வருசமா, யூடியூப் பாத்து. நீங்களும் அம்மாவும் வயலுக்குப் போனதும் இறக்குவேன். வர்றதுக்குள்ள பீரோ மேல வச்சிருவேன்.”

இருபத்து நாலு வயசுப் பெண், சொந்த வீட்டில், திருடி மாதிரி. அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“வாயைத் தெறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இப்படியா முதுகுல வெட்டி நாசம் பண்ணுவாங்க?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

குடுத்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலிலிருந்து புவனேஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்திருக்க மாட்டேன்” என்றார் குணசேகரன். பிறகு பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். “இன்னொரு தடவ வாசி, ஆத்தா.”