புரொபசர் எலெனியின் கூடையும் என் கையெழுத்தும்

மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை செய்த பார்மசிக்குச் சனிக்கிழமைகளில் புரொபசர் எலெனியும் வேலைக்கு வருவார். கிரேக்கப் பெண்மணி. மருந்தாளர் என்றால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள் மட்டுமில்லை, நோயாளியின் கட்டிலடிக்கும் போகவேண்டும் என்று தன் நாட்டில் முதன்முதல் சண்டை பிடித்துச் சாதித்தவர். பிறகு இங்கே பல்கலைக்கழகத்தில் எனக்கே படிப்பித்தார். ஓய்வு பெற்றும் சும்மா இருக்கத் தெரியாத மனிசி.

எங்கள் வேலையில் ஒருவர் மருந்தை எடுத்துக் கூடையில் வைத்தால், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். மற்றவர்களின் கூடையைக் கிண்டிக் கிளறுவேன். படிப்பித்தவர் செய்ததில் பிழை பிடிக்க எங்கள் ஆட்களுக்குக் கை வருமா? அவருடையதற்குப் பார்க்காமலே கையெழுத்து வைப்பேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, அவர் எடுத்துவைத்த கூடைக்குக் கையெழுத்து வைத்து மன்னார் மேரி அன்ரிக்கு மூட்டுவாத மருந்து கொடுத்தேன். தமிழில் விளக்கம் கேட்கலாம் என்று பாட்டனி டவுன்ஸிலிருந்து எங்களிடம் வருபவர். மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரு நாள், நான்கு குளிசை. மத்தியானம் ஸ்டாக் எண்ணினால், கொடுத்திருக்கவேண்டிய இரண்டரை மில்லிகிராம் குளிசை குறையவில்லை. பத்து மில்லிகிராம் குளிசை குறைந்திருந்தது. நான்கு மடங்கு.

உடனே போன் எடுத்தேன்.

“ஓம் தம்பி, இப்பதான் சாப்பிட்டிட்டு நாலும் போட்டனான். குளிசை கொஞ்சம் பெரிசாத்தான் கிடந்தது. நீங்கள் தந்ததெண்டு ஒண்டும் கேக்கேல்லை.”

செவிட்டைப் பொத்தி அறைந்த மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் அனுப்பினோம். முறிவு மருந்து கொடுத்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தப்பிவிட்டார்.

பிழைப் படிவத்தில் புரொபசர் தன் பெயரை முதலில் எழுதினார். காரணம் கேட்ட இடத்தில் நான் ‘வேலை நெருக்கடி’ என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டார்.

“அன்றைக்குக் கடையில் மருந்துக்கு எத்தனை பேர் நின்றார்கள்?”

“இரண்டு பேர்.”

“பிறகேன் பார்க்கவில்லை?”

“நீங்கள் செய்ததென்று...”

“எனக்கு எழுபத்திரண்டு வயது. என் கை பிழை விடும். அதைப் பிடிக்கத்தான் நீர் நிற்கிறீர். உம்முடைய மரியாதை எனக்கு வந்தது, நஞ்சு அந்த அம்மாவுக்குப் போனது. அதை எழுதும்.”

வெட்கத்தில் காது சுட்டது. பழைய வரியை வெட்டிவிட்டு, ‘என்னைப் படிப்பித்தவர் என்பதால் பார்க்கவில்லை’ என்று எழுதி, படிவத்தை முழுக்க வாசித்துக் கீழே கையெழுத்து வைத்தேன். அவர் வேலை சம்பந்தமாக நான் வாசித்துப் பார்த்து வைத்த முதல் கையெழுத்து அதுதான்.